தூக்கி எறியப்பட்ட வேலை

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். மனுஷன் இருப்பானா இந்த ஆபீஸ்ல?" என்று மேஜையைத் தட்டினார் தலைமை எழுத்தர்.

டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் தினமும் கேட்கிற பேச்சுதான். ஆனால் இன்று அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது.

"நிஜமாவே ராஜினாமா குடுக்கப் போறீங்களா சார்?"

"பின்னே, வாய்ச்சவடால்னு நெனச்சியா? நீயும் கிளம்பும்மா. இங்கேயே கெடந்தா துருப்பிடிச்சுடுவே."

சிங்கம் போல மேலாளர் அறைக்குள் நுழைந்தார். அவள் தன் ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வந்ததும் இவள் போவதாக ஏற்பாடு.

பத்து நிமிடத்தில் வெளியே வந்த சிங்கம், யார் முகத்தையும் பார்க்காமல் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு ஆர்டர் டைப் பண்ணும்மா. தலைமை எழுத்தருக்கு இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்பு. பாவம், கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சறாரு."

"நீட்டிப்பா சார்?"

"இந்த மாசத்தோட ரிட்டயர்மென்ட் இல்ல? தலைக்குச் சாயம் அடிச்சா உனக்கு எப்படித் தெரியும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு டைப் செய்து கொடுத்தாள். பிறகு தன் கடிதத்தில் இன்றைய தேதியை அடித்துவிட்டு அடுத்த மாதத் தேதியை எழுதினாள். இடம் தேடத்தான் சிரமமாக இருந்தது. அங்கே ஏற்கெனவே பதினோரு தேதிகள் அடிபட்டுக் கிடந்தன.