இரும்புக் கட்டை

ஜெனிபருக்கு அடுத்த வாரம் கல்யாணம். இறந்துபோன அப்பாவின் பழைய பிக்கப்பில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்றிருந்தாள். அதன் கதவு நசுங்கியிருந்தது. மாற்றுக் கதவு எங்கும் கிடைக்கவில்லை.

காக்களூர் டிங்கரிங் பட்டறையில் சாம்சன் வண்டிக்குள் குனிந்து சுத்தியலை எடுத்தார். உள்ளே தட்டும்போது வெளியே உதவியாள் இரும்புக் கட்டையைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். காலடிச் சத்தம் கேட்டது.

“ரகு, கெட்டியா புடிச்சிக்கோ.”

ஒவ்வோர் அடியையும் அந்தப் பக்கம் கட்டை பதமாகத் தாங்கியது. மதியத்துக்குள் கதவு ஒடுக்கே தெரியாமல் நிமிர்ந்தது.

போன் அடித்தது. “அண்ணே, பஸ்ஸு பேஜாரு பண்ணிடுச்சு. இன்னும் கும்மிடிப்பூண்டிலயே நின்னுகினு இருக்கேன்,” என்றான் ரகு.

சாம்சன் இறங்கிச் சுற்றி வந்தார். ஆள் யாருமில்லை. கட்டை மட்டும் கதவை அழுத்தியபடி அந்தரத்தில் நின்றது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “போதும்ணே. ரொம்ப தேங்க்ஸு. பெயிண்ட்ட நான் பாத்துக்கறேன்.”

கட்டை சத்தமில்லாமல் தரைக்கு இறங்கியது.