மறைத்து வைத்த எண்

"நம்பரைச் சொல்லு!"

ஞானேஸ்வரி ஓங்கிய ஸ்பானர் குணாளனின் மணிக்கட்டில் இறங்கியது. "அலமாக்!" என்று அலறியபடி அவன் சுவரோடு சரிந்தான். உதடு ஏற்கெனவே கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

"கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப செத்துத் தொலை!"

பார்த்தவர்கள் பெட்டகக் கொள்ளை என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அவள் ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் டாக்டர். அவன் ரெங்கத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் லேப் டெக்னீஷியன்.

வினையெல்லாம் லேப் நடுவில் நின்ற இயந்திரத்தால் வந்தது. எலக்ட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, தனித்தனி வழியில் ஓடவிட்டு, மறுபடி சேர்த்துப் பார்க்கும் இயந்திரம். அதை அப்படியே சுழற்றினால் எலக்ட்ரான் அலைகள் கொஞ்சம் நகரும். எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கிறது; புத்தகமே தப்பு என்பது ஞானேஸ்வரியின் கட்சி. அதை நிரூபிக்க ஆறு வருடத்தைத் தின்றிருந்தாள், பாவம்.

ஆராய்ச்சியாளரின் ஆசை கணக்கில் புகுந்துவிடக் கூடாதென்று இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு ரகசிய எண்ணை எடுத்து, அளந்து கிடைத்த எண்ணோடு கூட்டிவிடும். அது குணாளன் ஒருவனுக்குத்தான் தெரியும். 'சோதனை முடிந்தது, இனி எதையும் மாற்ற மாட்டேன்' என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவன் அதைச் சொல்லலாம், அவள் கழிக்கலாம்.

இன்று திரையில், ரகசிய எண்ணும் சேர்ந்த அளவைக் காட்டும் கோடு புத்தகம் சொன்ன இடத்திலேயே அசையாமல் நின்றது. ஞானேஸ்வரிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டோ இருபதோ, ரகசிய எண்ணைக் கழித்ததும் கோடு நகர்ந்துதானே ஆக வேண்டும்? எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வெறி.

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க டாக்டர், சொல்றேன். ஆனா அவசரம் வேணாம்லா. இன்னொரு மாசம் ஓட்டிப் பாப்போம்."

"திங்கக்கெழம மெஷினைப் பிரிக்க ஆள் வராங்க! எனக்கு ஏதுடா இன்னொரு மாசம்?"

விலாவில் உதைத்தாள். உள்ளே ஏதோ முறிந்தது. அவளை ஒரே தள்ளில் சாய்க்கக்கூடிய உடம்பு அவனுக்கு. ஆனாலும் கையைத் தூக்கவில்லை.

"ப்ளீஸ் டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க. இன்னொரு வாட்டி சரிபாத்துடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

படிவத்தை மேசையில் அறைந்து, கிழிகிற மாதிரி கையெழுத்தைக் கிறுக்கினாள். அதை அவன் முகத்தில் விட்டெறிந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"போட்டாச்சு. இப்ப சொல்லு!"

அத்தனை அடிக்கும் அழாத குணாளன் அழுதான்.

"ஸீரோ, டாக்டர்."