இருபது நொடி

வெயில் இன்னும் இறங்கவில்லை. லைப்சிக் நகரத்து அடுக்குமாடி முற்றத்தைச் சுற்றி எல்லா ஜன்னல்களிலும் ஜெர்மனிக் கொடி. மூன்றாம் மாடியில் மட்டும் ஹங்கேரிக் கொடி. அது இல்டிகோவின் பால்கனி. பதினோரு வருடமாக இங்கே இருப்பவள். இன்று கால்பந்தில் பிறந்த நாடும் வாழும் நாடும் மோதுகின்றன. இணையம் வழி ஓடும் அவள் டீவியில் மட்டும் ஆட்டம் இருபது நொடி பிந்தித்தான் வரும். ஜெர்மனி போட்ட கோலை அவள் பார்ப்பதற்குள் முற்றமே கத்தி ஓய்ந்துவிட்டது. "நான் பாக்குற வரைக்குமாவது வாய மூடிட்டு இருங்களேன்!" என்று கீழே பார்த்துச் சண்டை பிடித்தாள். முற்றத்து அடுப்பில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த கீழ்வீட்டு ஹோல்கர், "நீ டீவிய மாத்து தாயே!" என்று சிரித்தான். இப்போது ஹங்கேரிக்குப் பெனால்டி. அவள் திரையில் ஆட்டக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறான். முற்றத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தணலில் கொழுப்பு சொட்டிச் சீறுவது மேலே வரை கேட்கிறது. ஜெர்மன் கோலி தடுத்திருந்தால் இந்நேரம் முற்றம் அதிர்ந்திருக்கும். கோல் விழுந்தாயிற்று என்று இல்டிகோவுக்குப் புரிந்துவிடுகிறது. எட்டிப் பார்க்கிறாள். ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் பால்கனியையே பார்க்கின்றன. ஹோல்கர் இடுக்கியும் கையுமாக அண்ணாந்து நிற்கிறான். ஒன்றும் தெரியாதவள்போல் உள்ளே திரும்புகிறாள். திரையில் பந்து வலைக்குள் பாயும்வரை பொறுத்திருந்து, துள்ளிக் குதித்து அலறுகிறாள். முற்றம் கைதட்டிச் சிரிக்கிறது.

"நடிக்காத தாயே, எங்க மூஞ்சியப் பாத்தப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சு!" என்று கத்துகிறான் ஹோல்கர். "கீழ வா. உன்னையே பாத்துட்டு நின்னதுல சாசேஜ் கருகிப்போச்சு. அத்தனையும் நீதான் திங்கணும்!"