வைக்கோலுக்கு வந்த வாசனை

மாங்கூழ் ஆலையிலிருந்து மாம்பழத் தோல் கூடை கூடையாக வந்து இறங்கியதும் செவலைப் பசுவுக்குத் தலைகால் புரியவில்லை. மூலையில் கிடந்த வைக்கோலைப் பார்த்து, "நீ இன்னும் இங்கேதான் இருக்கியா? உன்னை எப்படித்தான் இத்தனை வருஷம் மென்னேனோ" என்றது.

வைக்கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோல் கூடைக்குள் முகத்தைப் புதைத்தது.

வெறும் தோலாகவே தின்றதில் செவலைக்கு வயிறு கலங்கியது. தின்றதெல்லாம் தண்ணீராய்ப் போனது, பாலும் குறைந்தது. மாட்டுக்காரி மாதம்மா பதறிப்போனாள். ஈரத்தை இழுத்துக்கொள்ளட்டும் என்று வைக்கோலை நறுக்கித் தோலோடு கலந்தாள். அதை ஒரு டிரம்மில் அமுக்கி, ஊறிப் பதமாகட்டும் என்று இறுக மூடி வைத்தாள்.

சில வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது கொட்டகையே மணந்தது.

செவலை மூக்கை நீட்டியது. "யாரு இது, பெரிய இடம் போலிருக்கே?"

"நான்தான். வைக்கோல்."

"அட, நீயா! நமக்குள்ளே எவ்வளவு காலப் பழக்கம்" என்று குழைந்துகொண்டே செவலை கிட்டே போனது.

வைக்கோல் முகத்தைச் சுளித்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. உன்மேல் சாணி வாடை அடிக்குது."