எட்டு வருட அனுபவம்

சட்டைப் பையில் இருந்த சான்றிதழ் மாப்பிள்ளையின் நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடித்துக் கொடுத்தவன் மச்சான், தன் கம்ப்யூட்டர் சென்டரில். உண்மையில் அந்த எட்டு வருடமும் மாப்பிள்ளை எலக்ட்ரிக் கடையில் நின்று சுவிட்சும் ஒயரும் எடுத்துக் கொடுத்தவர். எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் தெரியாது.

ஆனாலும் அரபு நாட்டுக்குப் போயே தீர வேண்டும். கல்யாணமாகி மூன்று வருடமாக மாமியார் வீட்டில் வாசம். இவர் ஃபேன் போட்டால், மாமியார் வந்து ரெகுலேட்டரில் ஒரு எண் குறைத்துவிட்டுப் போவார். பால்காரர் வரைக்கும் அவரை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட, சொந்தப் பெயர் அவருக்கே மறந்துவிடும் போலிருந்தது. இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு வந்து, தன் பெயர் எழுதிய வாசலில் நின்று காலிங்பெல் அடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். அதுதான் அவருடைய ஒரே ஆசை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சான்றிதழைப் படித்தார். மாப்பிள்ளை அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"விசாவுக்கு எவ்வளவுங்க ஆகும்?"

"ஒரு பைசா வேண்டாம் தம்பி. எல்லாம் கம்பெனி பாத்துக்கும். காசு கேக்குற ஏஜென்ட்டை நம்பவே நம்பாதீங்க. எனக்குத் தொழில் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். போன மாசம் ஒருத்தன் போலி சர்டிபிகேட்டோட வந்தான். நேரா போலீஸ்ல கொண்டுபோய் விட்டேன்."

போயும் போயும் இப்படி ஒரு நேர்மையான மனுஷரிடமா வந்து மாட்ட வேண்டும்?

"அங்க ஒரு முழு வீட்டை அஞ்சு நாள்ல முடிக்கணும். அதனால டெஸ்ட்டும் முழு வீட்டுலதான். நாளைக்கு வந்துடுங்க."

ஊர் எல்லையில் புதிதாகப் பூசிய மாடி வீடு அது. ஒயர் போகும் குழாயெல்லாம் சுவருக்குள் பதித்தாகிவிட்டது. ஒயர் இழுத்து சுவிட்ச் மாட்டுவதுதான் பாக்கி. கூடத்தில் ஒருவர் குந்தியபடி தரைக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனும் அரபு நாட்டுக்கா?"

"ஆமா தம்பி, டெஸ்ட்டுதான். ஏஜென்ட் ரொம்பக் கறாரான ஆளு. நேத்து ரெண்டு கல்லைப் பேத்துத் திரும்பப் போட வெச்சுட்டார்."

மாப்பிள்ளை கடவுள் மேல் பாரத்தைப் போட்டு வேலையில் இறங்கினார். சிவப்பு ஒயரைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் முறுக்கினார். சந்தேகம் வந்த இடத்தில் எது பார்க்க அழகாக இருக்கிறதோ அதைச் செய்தார். கடையில் சாமான் அடுக்கிப் பழகிய கை என்பதால், போர்டுகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன. காலிங்பெல்லை மட்டும் ஆசை ஆசையாகக் கடைசியில் மாட்டினார்.

ஐந்தாம் நாள் ஏஜென்ட் ஒவ்வொரு போர்டாகத் தடவிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"ஃபேனுக்குங்க."

"பக்கத்துல இருக்கறது?"

"அதுவும் ஃபேனுக்குத்தாங்க. ஒரு பாதுகாப்புக்கு."

"எங்க, போட்டுப் பாப்போம்."

சுவிட்சில் விரல் வைத்த ஏஜென்ட் சிரித்துவிட்டார்.

"அட, கரண்ட் ஆபீஸ்ல இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலையே. பரவாயில்ல, பாத்தாலே தெரியுது. நீங்க பாஸ். ஒரு மாசத்துல விசா வந்துடும்."

அன்று மாமியார் கொடுத்த காபியில் நுரை இருந்தது. ஃபேனை அவரே ஐந்தில் வைத்தார். மறுநாள் புதுப் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது.

ஒரு மாதம் போனது. விசா வரவில்லை, மாப்பிள்ளைக்கு மனசாட்சிதான் வந்தது. தன்னை நம்பி ஒரு பைசா வாங்காத மனுஷரை ஏமாற்றியது அவரை அரித்தது. நாளைக்கு யாரோ ஒரு அரபுக்காரர் நம்பிக்கையோடு சுவிட்ச் போடுவாரே என்று பயமாகவும் இருந்தது. போலீஸில் விட்டாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அடுத்த டெஸ்ட் நடக்கிறதோ என்னவோ என்று அந்த வீட்டுக்கே போனார். வாசலில் டைல்ஸ்காரர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"விசா வந்துச்சாண்ணே?"

"வந்துச்சே, வீடா வந்திருக்கு பாரு."

மதில் சுவரில் ஏஜென்ட்டின் பெயர் பளபளத்தது. மாடிக் கொடியில் அவருடைய லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"கொத்தனார், பெயிண்டர், தச்சர், நான், நீ. அஞ்சு பேரும் பாஸ் தம்பி. அஞ்சு பேருக்கும் கூலி கிடையாது, விசாவும் கிடையாது. போலீசுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டே இருக்காங்க. பின்பக்கமா ஓடுறதுக்குள்ள அந்த ஆளை வாசலுக்கு வர வெக்கணும். பெல்லை அடி. இப்பத்தான் கரண்ட் குடுத்துட்டுப் போறாங்க."

மாமியாருக்கு என்ன பதில் சொல்வது? மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பெல்லை அமுக்கினார்.

மாடியில் ஃபேன் சுற்றியது. வாசல் விளக்கு எரிந்தது. பின்னால் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. மணி மட்டும் அடிக்கவில்லை.

"எவன்டா இந்த வீட்டுக்கு ஒயரிங் பண்ணுனவன்?" என்று தலையிலிருந்து சோப்பு நுரை வழிய, இடுப்பில் துண்டோடு ஏஜென்ட் வாசலுக்கு ஓடி வர, தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து எட்டு வருட அனுபவச் சான்றிதழை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.