இரட்டைச் சடை

ஞாயிற்றுக்கிழமை வெயில் பள்ளிக்கூட முற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே லைட்காரர் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அடுத்த ஷாட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது. வேப்ப மரத்தடியில், இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனுமாகச் செலின் நிற்கிறாள். டிவி தொடரில் அவள் பத்தாம் வகுப்பு மாணவி. திருச்சியில் பாதிப் பெண்கள் இப்போது அவளைப் போலத்தான் ரிப்பனை மடித்துக் கட்டுகிறார்கள். கல்யாணமானவள், பிள்ளை பெற்றவள் என்று வெளியே தெரிந்தால் வேறு பெண்ணைப் போட்டுவிடுவேன் என்று டைரக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். புருஷன் கிளமென்ட் வேலை பார்த்த அரிசி ஆலை மூடிக் கிடக்கிறது. சர்ச்சில் பூசை முடிந்து அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் வருகிறான். அவளுடைய தாலி அவன் சட்டைப் பையில் இருக்கிறது. ஆட்டோகிராபுக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பெண்கள் அவளைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.

"இந்தப் பாப்பா யாரு, அக்கா?" என்கிறாள் ஒருத்தி.

"என் தம்பி."

"அப்படியே உங்க ஜாடை, அக்கா."

கிளமென்ட் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்க்கிறான். பிள்ளை அவள் தோளுக்குத் தாவுகிறான், ரிப்பனைப் பிடித்து இழுக்கிறான். இப்போதுதான் பேச்சு வரத் தொடங்கிய வாய் மெல்லத் திறக்கிறது. அம்மா என்று கூப்பிட்டுவிடுவானோ என்று செலினுக்குப் பயம். கூப்பிட்டால்தான் என்ன என்றும் இருக்கிறது. பிள்ளை அவள் கன்னத்தைத் தொட்டு, அவளே மடியில் வைத்துப் பழக்கியபடி, கொஞ்சமும் பிசகாமல் சொல்கிறான்: "அக்கா."