சுண்டுவிரலுக்கு எட்டும் தூரம்

"வண்டிய வித்துட்டு வீட்ல உக்காருடின்னா…"

"உக்காந்து? உன் மூஞ்சியப் பாக்கவா?"

"கிளட்ச் பிடிக்க முடியாத கைக்கு ஆட்டோ எதுக்கு?" என்றாள் லூர்தக்கா.

மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் ஜெசிந்தாவின் இடது கையில், பிடி வலுக்க அழுத்திப் பழகும் அந்த ஸ்பிரிங் கிரிப்பர் மூடவில்லை. கை சின்னது. மூன்று விரல்கள் நடுங்க, சுண்டுவிரல் எட்டாமல் காற்றில் நின்றது. ஆட்டோவை வாங்க நாளை ஆள் வருகிறது.

"குடு, குப்பைல போடறேன்" என்று பிடுங்கிய லூர்தக்கா போடவில்லை. அவள் கையும் அதே அளவுதான். கிரிப்பரின் ஒரு பிடியைத் தங்கையின் கட்டைவிரல் மேட்டில் ஆழமாகப் பதித்தாள். மறுபிடியைத் தன் உள்ளங்கையால் அழுத்தினாள்.

"விரிஞ்சு கிடக்கிறத எட்டிப் பிடிக்காத. பாதி நான் மூடித் தரேன். சுண்டுவிரலைப் போடு."

"போட்டுட்டேன்."

"கைய எடுக்கறேன்."

"எடுக்காதக்கா!"

எடுத்துவிட்டாள். பிடிகள் விரியவில்லை. நடுங்கி நடுங்கி நெருங்கி, டிக்கென்று ஒன்றையொன்று தொட்டன.

இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். லூர்தக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"உன்னால எனக்கு பஸ் போயிருச்சுடி. வண்டிய எடு."